நாற்பதாவது சொல்

நீடாமங்கலம் அருகில்
6.10.2025

மருமகள் மதிவதனிக்கு மாமா எழுதுவது.

நீ வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையின் முகவரியை நம் தெரு துரைராசுவிடம் கேட்டு வாங்கினேன். எங்கள் வீட்டு நம்பர்களை நீ போனில் தடுத்து வைத்திருக்கிறாய். அதைக் குறையாகச் சொல்லவில்லை. தபால்காரரைத் தடுக்க வழி இல்லையே என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

விஷயம் சின்னதுதான். கூடத்தில் டிவிக்குக் கீழே நீ வைத்துக் கொடுத்த கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிறதே, அதன் ரிமோட் வேலை செய்யவில்லை. சரஸ்வதி பூஜை கழிந்து மறுநாளிலிருந்து இப்படி. பெட்டியில் நீல விளக்கு எரிகிறது, டிவியிலும் படங்களின் வரிசை வந்து நிற்கிறது, ஆனால் எந்தப் பட்டனை அழுத்தினாலும் நின்றது நின்றபடிதான். டிவிக்கு ஒரு சாண் கிட்டே போய் அழுத்தினால் பத்துக்கு ஒரு தரம் நகர்கிறது. கடைத்தெரு சமீரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "உள்ள போர்டு போயிருக்குங்க ஐயா, இதத் தூக்கிப் போட்டுட்டு புதுசா ஒண்ணு மாட்டிக்குங்க" என்றார். நீ கையால் சேர்த்து மாட்டிய சாமானைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை.

உன் அத்தை அதில் கொஞ்சம் பார்ப்பாள். அதனால்தான் கேட்கிறேன். என்ன செய்ய வேண்டும் என்று நாலு வரி எழுதினால் போதும், நானே செய்து பார்க்கிறேன்.

சம்பா நடவு முடிந்துவிட்டது. வாய்க்காலில் தண்ணீருக்குக் குறையில்லை. எனக்குத்தான் வர வர வரப்பில் நடந்தால் மூச்சு வாங்குகிறது.

தங்கையன்


தஞ்சாவூர்
9.10.2025

மாமாவுக்கு,

கடிதம் வந்தது. கடைக்கு வரும் புகார்களுக்கெல்லாம் நான்தான் பதில் சொல்கிறேன். உங்களுக்கும் அப்படித்தான் சொல்கிறேன், ஒரு வாடிக்கையாளருக்குச் சொல்வதுபோல. வேறு எதுவாகவும் இதை நினைக்க வேண்டாம்.

முதலில் பேட்டரி. இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பழையது ஒன்று, புதியது ஒன்று என்று போடுவது உங்கள் வீட்டு வழக்கம், அது ஆகாது. அடுத்து, ரிமோட்டில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் செல்போனில் நம் முகம் தெரியும் காமிராவைத் திறந்து, ரிமோட்டின் நுனியை அதற்கு நேரே காட்டி ஒரு பட்டனை அழுத்திப் பிடியுங்கள். ரிமோட் போடும் வெளிச்சம் மனிதக் கண்ணுக்குத் தெரியாது, காமிராவுக்குத் தெரியும். ஸ்கிரீனில் ஒரு புள்ளி மின்னினால் ரிமோட் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

டிவியின் கீழ் விளிம்பில் கட்டைவிரல் அகலத்தில் ஒரு கறுப்பு வில்லையை ஒட்டி வைத்திருக்கிறேன், அதிலிருந்து ஒரு வயர் பெட்டிக்குப் போகும். அதுதான் கண். அதைத் துணியால் துடையுங்கள். வயரைப் பிடுங்கிப் பக்கத்து ஓட்டையில் செருகிப் பாருங்கள். வாசல் கதவு வழியாக மாலை வெயில் அதன் மேல் விழுந்தாலும் தகராறு செய்யும், கதவைச் சாத்திவிட்டுச் சோதியுங்கள். பிறகு பெட்டியை முழுதாக அணைத்து, பத்து நிமிஷம் விட்டுப் போடுங்கள்.

போர்டு போய்விட்டது என்ற பேச்சை நம்ப வேண்டாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். போர்டு போயிருந்தால் நீல விளக்கே எரியாது.

இனியும் ஏதாவது இருந்தால் கடிதமாகவே எழுதுங்கள். போன் வேண்டாம். குரலைக் கேட்டால் இளகிவிடுவேன், பிறகு என் மேலேயே கோபம் வரும்.

மதிவதனி


நீடாமங்கலம் அருகில்
14.10.2025

மதிக்கு,

நீ சொன்னதை ஒன்றுவிடாமல் செய்தேன். பேட்டரி இரண்டும் புதுசு. காமிராவில் பார்த்தேன், ரிமோட் நுனியில் ஊதா நிறத்தில் ஒரு புள்ளி மின்னியது. நேரே பார்த்தால் ஒன்றுமில்லை. எழுபத்திரண்டு வயதில் இப்படி ஒன்றைப் பார்க்கிறேன். உன் அத்தைக்கும் காட்டினேன், அவள் பட்டனை விடவே மாட்டேன் என்றாள். கறுப்பு வில்லையைத் தூசி போகத் துடைத்தேன். வயரை மாற்றிச் செருகினேன். கதவைச் சாத்தினேன், டியூப்லைட்டையும் அணைத்தேன். இருட்டில் நாங்கள் இரண்டு பேரும் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம்.

போன கடிதத்தில் ஒன்றை மறைத்தேன். அத்தை கொஞ்சம் பார்ப்பாள் என்று எழுதினேன், அது முழு உண்மை இல்லை.

ஏப்ரலில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது உனக்குத் தெரிந்திருக்கும். வலது கையும் பேச்சும் போய்விட்டன. சொல்வது புரிகிறது, திருப்பிச் சொல்ல வாய் வரவில்லை. தஞ்சாவூரில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா, முதல் ஒரு வருஷம்தான் முக்கியம், தினமும் ஒவ்வொரு சொல்லாக மெதுவாகக் கேட்டு, கேட்டதைச் சொல்லிப் பழக வேண்டும், ரிமோட்டையும் அவளே இடது கையால் அழுத்த வேண்டும் என்றார். செய்தி, சீரியல் எல்லாம் போட்டுப் பார்த்தோம். எல்லாரும் பேச்சில் ஓடுகிறார்கள். கடைசியில் அவளே தேடிப் பிடித்தது, போன தீபாவளிக்கு ரிமோட் பழக்குவதற்காக நீ பேசி வைத்த அந்த நாலு நிமிஷ வீடியோவை. மேலே, கீழே, சரி, திரும்ப, நிறுத்து என்று ஒவ்வொன்றையும் மூன்று தரம் சொல்கிறாய். அவள் கற்றுக்கொள்ள மாட்டேன் என்று அடம் பிடித்ததால்தான் அப்படிச் சொன்னாய், எனக்கு நினைவிருக்கிறது.

ஆகஸ்டில் ஒரு நாள் "சரி" என்றாள். அவளுக்குத் திரும்பி வந்த முதல் சொல் அதுதான். பிறகு "மேல". பத்து வினாடி பின்னால் போகும் பட்டனை ஒரு நாளைக்கு நூறு தரம் அழுத்துவாள். ரிமோட் நின்றதும் நான் மவுஸைப் பிடித்து ஓட்டிக் காட்டினேன், என் கையைத் தட்டிவிட்டாள். செல்போனில் போட்டுக் கொடுத்தேன், விரல் நடுக்கத்தில் அவளால் அதை அழுத்த முடியவில்லை. பன்னிரண்டு நாளாகப் பயிற்சி இல்லை. நேற்று "சரி" என்று சொல்லப் பார்த்தாள், வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

தங்கையன்


தஞ்சாவூர்
18.10.2025

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அத்தைக்கு உடம்பு முடியாமல் போனது எனக்கு ஏப்ரலிலேயே தெரியும். பஸ் ஏறி நீடாமங்கலம் வரை வந்தேன். ஸ்டாண்டில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பினேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் மாமா, நீங்கள் என்னைக் கேட்பது என்ன என்று யோசித்தீர்களா? அந்த வாய் மறுபடி பேச வேண்டும், அதற்கு என் குரல் வேண்டும். அந்த வாய் கடைசியாக எங்களைப் பற்றிப் பேசியது என்ன? பொங்கலுக்கு என் அம்மா திருப்பனந்தாளிலிருந்து இரண்டு பஸ் மாறி, புதுப்பானையும் கரும்பும் மஞ்சள்கொத்துமாகச் சீர் எடுத்து வந்தார். உங்கள் பிள்ளையைக் கட்டி மூன்று வருஷத்தில் அவரே கொண்டுவந்த முதல் சீர். அதற்கு முன்பு என் அண்ணன் கையில்தான் கொடுத்தனுப்புவார், வாசலில் யார் என்ன சொல்வார்களோ என்று பயம். இந்த வருஷம்தான் துணிந்து வந்தார். அத்தை கூடத்தில் உட்கார்ந்தபடியே, "அதெல்லாம் கொல்லப்பக்கம் வச்சுட்டுப் போகச் சொல்லு" என்றார். அம்மாவைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்.

என் அம்மா ஒரு காலத்தில் உங்களைப் போன்றவர்கள் வயலில் நாற்று நட்டவர்தான். இன்றைக்குச் சொந்தமாக மூன்று மா நிலத்தில் சாகுபடி செய்கிறார். அதெல்லாம் உங்கள் கொல்லைப்பக்கத்தில் செல்லாது.

அத்தை மேல் எனக்குக் கோபம்தான், ஆனால் அவரிடம் வேறு எதையும் எதிர்பார்த்திருக்கவில்லை. நீங்கள் அன்று அதே கூடத்தில் நாற்காலியில் இருந்தீர்கள். அத்தை சொல்லி முடித்ததும் பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பினீர்கள். அந்தச் சத்தம்தான் எனக்கு மறக்கவில்லை. உங்கள் பிள்ளை பரணிதரன் மஸ்கட்டிலிருந்து "கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்றதுகூட எனக்கு அவ்வளவு உறைக்கவில்லை.

சண்டை போட்டுப் போட்டு அலுத்துவிட்டது மாமா. பேச்சு வராத ஒருவரைப் பட்டினி போடுவதுபோல இதைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் என்னால் முடியவில்லை. ரிமோட்டில் கோளாறு இல்லை, பெட்டியிலோ கண்ணிலோதான். நேரில் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு நான் வரமாட்டேன். கடைக்கும் கொண்டுவர வேண்டாம். 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை திருப்பனந்தாளில் என் அம்மா வீட்டில் இருப்பேன். பெட்டி, கண், வயர், ரிமோட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நீங்களே அங்கே வாருங்கள். யாரிடமாவது கொடுத்தனுப்பினால் தொடமாட்டேன்.

மதிவதனி


நீடாமங்கலம் அருகில்
23.10.2025

மதிக்கு,

இந்தக் கடிதத்தை இரண்டு தரம் எழுதிக் கிழித்தேன். முதல் தரம் மழையைக் காரணம் காட்டினேன். மழை என்னவோ நிஜம்தான், வயலில் நட்ட பயிர் முழுகிக் கிடக்கிறது, தண்ணீரை வடிய வைக்க ஆள் கிடைக்கவில்லை. இரண்டாம் தரம் என் முழங்காலைக் காரணம் காட்டினேன். அதுவும் நிஜம்தான். ஆனால் மழையிலும் முழங்கால் வலியிலும் நான் ஆவணியில் நான்கு கல்யாணத்துக்குப் போய் வந்திருக்கிறேன்.

என்ன தயக்கம் என்று என்னையே கேட்டேன். உன் அம்மா வீட்டுப் படியேறினால் எங்கள் தெருவில் என்ன சொல்வார்கள் என்பதுதான். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. உங்கள் கல்யாணத்துக்கு ரிஜிஸ்தர் ஆபீசில் வந்து கையெழுத்துப் போட்டேன், அதையே பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெண் எடுத்த வீட்டுக்கு ஒரு நாள் போய் உட்கார்ந்ததில்லை.

பேப்பர் திருப்பியதை மறுக்கவில்லை. அன்று அந்தப் பக்கத்தில் என்ன படித்தேன் என்று கேட்டால் ஒரு வரி சொல்லத் தெரியாது. பேசியிருந்தால் அன்று ராத்திரி வரை அவள் என்னோடு சண்டை போட்டிருப்பாள். அவ்வளவுதான் நஷ்டம். அந்த ஒரு நாள் சண்டைக்கு அலுப்புப்பட்டு நீ போகும்படி ஆக்கிவிட்டேன்.

தீபாவளியன்று உன் அத்தை ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பழக்கத்தில் அழுத்துகிறாள். டிவி அசையவில்லை என்றதும் என்னைப் பார்க்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். காலை கும்பகோணம் பஸ்ஸைப் பிடித்தால் பதினொன்றுக்குள் வந்துவிடலாம். தெருவுக்கு எப்படி வழி என்று கேட்டால் யாரும் சொல்வார்கள் அல்லவா?

தங்கையன்


தஞ்சாவூர்
30.10.2025

மாமாவுக்கு,

பெட்டியை நனையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தீர்களா? பழைய உரச்சாக்கில் கம்ப்யூட்டரைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தவரை எங்கள் தெரு இதுவரை பார்த்ததில்லை. பல் பிடுங்க வந்தவர்போல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தீர்கள். சோறு போட்டபோது மட்டும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். அம்மாவுக்கு அது பிடித்திருந்தது.

இருபது நாளாக நான் பேட்டரி, வெயில், வயர் என்று எழுதித் தள்ளினேன். நான் ஸ்க்ரூடிரைவரைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், எழுத்துத் தெரியாத என் அம்மா சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஏண்டி, கண்ணு மேலயே பொட்டு வச்சா அதுக்கு எப்புடிடி தெரியும்?" என்றார். கறுப்பு வில்லை முழுக்கச் சந்தனம், நடுவில் குங்குமம், காய்ந்து காரை மாதிரி. நான் துடைக்கச் சொன்னேனே என்றால், "தூசியெல்லாம் தொடச்சேம்மா, அது பூஜைப் பொட்டு, அது அழுக்கு இல்லியே" என்கிறீர்கள். கலப்பைக்கும் மோட்டாருக்கும் வைத்த பொட்டைத் தானாக உதிரும்வரை யாரும் துடைக்க மாட்டார்கள்தான். அதனால் சொல்லக்கூடத் தோன்றவில்லை உங்களுக்கு. அம்மா கேட்காமலேயே ஈரத் துணியால் துடைத்துவிட்டார். எங்கள் டிவியில் மாட்டிப் பார்த்தால் முதல் அழுத்தலிலேயே வேலை செய்தது.

அத்தையே இடது கையால் வைத்த பொட்டு என்றீர்கள். தன்னை நாற்காலியோடு ஒவ்வொரு சாமானிடமும் தள்ளிக்கொண்டுபோகச் சைகை காட்டி, இதற்கு நெற்றி எது என்று பார்த்துப் பார்த்து வைத்தாராம். பக்தியோடு தன் வாயைத் தானே அடைத்துக்கொண்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு சிரிக்க முடியவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூன்று மணி நேரம் எங்கள் வீட்டில் இருந்தீர்கள். என் அம்மாவை "இந்தாங்க" என்றீர்கள், "ஏங்க" என்றீர்கள். இன்ன உறவு என்று சொல்லி ஒரு தரம்கூடக் கூப்பிடவில்லை. அம்மா நீங்கள் போன பிறகு, "பாவம்டி, அவரு வந்ததே பெருசு" என்றார். எனக்கு ஆறவில்லை.

இத்துடன் ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். பெட்டியின் முன்பக்க ஓட்டையில் செருகினால் தானே வரும். பட்டன் பெயர்களை வைத்துக்கொண்டு ஒருவர் எத்தனை நாள் பேச முடியும்? நாற்பது சொற்கள் பதிவு செய்திருக்கிறேன், ஒவ்வொன்றும் மூன்று தரம், மெதுவாக. தண்ணி, சோறு, வலி, வேணாம், பரணி, விளக்கு, மழை என்று அன்றாடம் தேவைப்படுகிறவை. நாற்பதாவது மட்டும் கொஞ்சம் நீளம். "வாங்க சம்பந்தி."

அதை அத்தை சொல்ல வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. சொன்னால் நான் திரும்பி வந்துவிடுவேன் என்றும் இல்லை. வருவேனா என்று எனக்கே தெரியவில்லை. ஒருவர் பேச்சை முதலிலிருந்து கற்றுக்கொள்ளும்போது இதுவும் அதில் இருக்க வேண்டும் என்று தோன்றியது. வைத்துவிட்டேன்.

மதிவதனி


நீடாமங்கலம் அருகில்
24.11.2025

மதிக்கு,

பென் டிரைவ் பத்திரமாக வந்தது. பதில் எழுதத் தாமதம், பயிருக்கு மேலுரம் போடுகிற வேலையில் மாட்டிக்கொண்டேன். முழுகினதில் பாதி தேறிவிட்டது.

ரிமோட் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து அழுத்தினாலும் கேட்கிறது. உன் அத்தை காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி உட்காருகிறாள். இதுவரை பதினோரு சொற்கள் தெளிவாக வந்துவிட்டன. "தண்ணி" என்று கேட்டு வாங்கிக் குடிக்கிறாள். வெள்ளிக்கிழமை பரணி பேசியபோது அவன் பெயரைச் சொன்னாள், அந்தப் பக்கம் அவன் அழுதது எனக்கே கேட்டது. "வேணாம்" என்பதைத்தான் அடிக்கடி சொல்கிறாள், அது அவளுக்கு எப்போதும் நன்றாக வரும்.

முப்பத்தொன்பது வரை வரிசையாகப் போவாள். நாற்பதாவதில் "வாங்க" என்று நீ ஆரம்பிப்பதற்குள் சிவப்புப் பட்டனை அழுத்தி நிறுத்திவிடுகிறாள். தினமும் அப்படித்தான். கை தவறி அழுத்துகிறாளோ என்று முதல் இரண்டு நாள் நினைத்தேன். இடது கைதான் என்றாலும் அதில் தவறவே இல்லை. இதை மறைத்து உனக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதலாமா என்று பார்த்தேன். ஏற்கனவே மறைத்தது போதும்.

ஒரு நாள் அவள் நிறுத்தியபோது நான் அந்தப் பழைய நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். பக்கவாதம் வந்தது அவளுக்கு, வந்து ஏழு மாதம் ஆகிறது. ஒரு நோயும் இல்லாமல் மூன்று வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான் என்று அப்போது உறைத்தது. நானே சொன்னேன், நீ சொல்கிற மாதிரியே மெதுவாக, மூன்று தரம். அவள் ரிமோட்டை என் பக்கம் நீட்டி அழுத்தினாள், என்னையும் நிறுத்திவிடலாம் என்று. நான் நிற்கவில்லை. "வேணாம்" என்றாள். "வேணும்" என்றேன். அன்று முழுக்க என்னிடம் கோபம். அந்த ஒரு நாள் சண்டையை இப்போதுதான் போட்டோம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, உனக்குச் சொல்லாமல் திருப்பனந்தாள் போனேன். உன் அம்மா களத்தில் சாக்கு உதறிக்கொண்டிருந்தார். வாசலில் நின்று, "சம்பந்தி, பொங்கலுக்கு வீட்டுக்கு வரணும், வாசல் வழியா வரணும், நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றேன். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. "அறுப்பு முடியட்டும், யோசிச்சுச் சொல்றேன். மொதல்ல உக்காருங்க" என்றார். அவர் யோசிக்கட்டும். நீயும் யோசி, அவசரம் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து உன் அத்தையிடம் போய் வந்ததைச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்று காலையும் நாற்பதாவதில் நிறுத்தினாள், நானும் வழக்கம்போல் மீதியைச் சொன்னேன். அவளுக்கு வாய்தான் இன்னும் சரியாக வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது.

தங்கையன்